'ஹெய்ல்! ஹெய்ல்! ராக் அண்ட் ரோல்' பார்த்தேன். சக் பெரி இவ்வளவு மோசமான ஆளா?

வாசகர் கேள்வி, ஜூன் 8

டெய்லர் ஹேக்ஃபோர்ட் 1987-இல் எடுத்த படம். அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர், கிடார்க்காரர் சக் பெரியின் 60-ஆவது பிறந்தநாளை ஒட்டி நடந்த கச்சேரி. பாட்டெல்லாம் அபாரம். ஆனால் மனுஷன் சிடுமூஞ்சி, பணத்தாசை பிடித்தவர். தன்னைக் கொண்டாட வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் கிடார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸை ஊர் பார்க்க வறுத்தெடுக்கிறார். இயக்குநர் திட்டமிட்டே அவரை வில்லனாக்கிவிட்டாரா, இல்லை ஆளே அப்படித்தானா?

ஜூன் 8, இரவு

ஆளே அப்படித்தான். ஹேக்ஃபோர்ட் தன் பங்குக்கு மசாலா எதுவும் அரைக்கவில்லை. ஆனால் வில்லன் என்று நான் சொல்லமாட்டேன்.

சக்கின் 'கரோல்' பாட்டு ஒத்திகையைத்தானே சொல்கிறீர்கள்? மிசூரியில் வென்ட்ஸ்வில் பக்கம் இருக்கும் பெரி பார்க், அவருடைய சொந்த இடம். கீத் பாட்டின் முதல் கிடார் வரியை வாசிக்கிறார். சக் நிறுத்துகிறார். கம்பியை இழுத்து விடும் அந்த ஆரம்ப வளைவு அவருக்குச் சரியில்லை. தானே வாசித்துக் காட்டுகிறார். கீத் மறுபடி வாசிக்கிறார், மறுபடி நிறுத்தம். சரியாகச் செய்வதென்றால் சரியாகவே செய்வோம் என்கிற தோரணையில் வாத்தியார் மாதிரி ஒரு பேச்சு. கீத்தின் தாடை இறுகுகிறது. திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நாம் காத்திருக்கிறோம். ஒன்றும் பேசாமல் மறுபடி வாசிக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் ரெக்கார்டே 1963-இல் வந்த 'கம் ஆன்', அது சக் பெரி பாட்டு. 'கரோல்' 1964-இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தில் இருக்கிறது. ஆக, கீத் இருபது வருஷத்துக்கு மேலாக வாசித்துக்கொண்டிருப்பது ஸ்டோன்ஸ் 'கரோல்'. சக் கேட்பது சக் 'கரோல்'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். கேட்ட விதம் அநாகரிகம், கேட்ட விஷயம் நியாயம்.

ஜூன் 9

ஆம்ப்ளிஃபையர் சண்டையை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். தன் ஆம்ப் செட்டிங்கை யாரோ தொட்டுவிட்டார்கள் என்று சக் கொதிக்கிறார். பதிவில் சரியாக விழவில்லை, இது நாமெல்லாம் போன பிறகும் இருக்கப்போகிற படம் என்று கீத் வாதாடுகிறார். என் ஆம்ப் இப்படித்தான் ஒலிக்கும், சக் பெரி இப்படித்தான் வாசிப்பான் என்பது சக்கின் பதில்.

பல பேர் இதில் கீத் பக்கம் நிற்கிறார்கள். ஆனால் சக் ஊர் ஊராகப் போகும்போது ஒப்பந்தத்தில் கேட்டதே இரண்டு ஃபெண்டர் டூயல் ஷோமேன் ஆம்ப், ஒரு உள்ளூர் பேண்ட், கையில் பணம், அவ்வளவுதான். கிடார் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக வந்து இறங்குவார். மேடையில் அவருக்குத் தெரிந்த ஒரே முகம் அந்த ஆம்ப்தான். அதில் கை வைத்தால் கோபம் வராதா?

ஜூன் 9, பிற்பகல்

உள்ளூர் பேண்ட் என்றதும் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இந்தப் படத்தில் சொல்லும் கதை ஞாபகம் வருகிறது. 1973-இல், பெரிய பெயர் வருவதற்கு முன், சக்குக்குப் பின்னால் வாசித்தது ஸ்பிரிங்ஸ்டீனின் பேண்ட். கச்சேரிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சக் வருகிறார். என்ன பாட்டெல்லாம் வாசிக்கப்போகிறோம் என்று பையன்கள் கேட்கிறார்கள். சக் பெரி பாட்டு என்கிறார். அவ்வளவுதான் ஒத்திகை!

எனக்கு இதில் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். கொஞ்ச காலம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை, கல்லூரி விழா என்று எல்லா மேடையும் ஏறியிருக்கிறேன். ஒரு பாடகர் இருந்தார், பெயர் வேண்டாம். ஒத்திகையில் நாலு கட்டை என்பார். மேடையில் முதல் வரியை ஐந்தில் எடுப்பார். தொண்டை நன்றாக இருக்கிறதாம். எனக்கென்ன, சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டிவிட்டு அதே விரலோடு ஓட்டிவிடுவேன். பேஸ் கிடார்க்காரன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஜனங்களுக்கு எதுவும் தெரியாது, கைத்தட்டல் பாடகருக்கு.

அதனால் இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. கச்சேரி ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டின் நடுவில் சக் கீத்திடம் வந்து காதோரம் ஏதோ சொல்கிறார். கீத் முடியாது என்று தலையை ஆட்டுகிறார். சுருதியை மாற்றலாமா என்பதுதான் கேள்வி. அத்தனை கேமரா ஓடும்போது, அத்தனை பேர் பார்க்கும்போது, பாட்டின் நடுவில்! அந்தத் தலையாட்டலுக்காகவே கீத்துக்கு ஒரு மாலை போடலாம்.

ஜூன் 9, இரவு

கச்சேரியில் விருந்தினராகப் பாடிய லிண்டா ரான்ஸ்டாட் விஷயமும் அதே வகைதான். ஒத்திகையில் பேசிய சுருதி ஒன்று, மேடையில் வந்தது இன்னொன்று. அந்த அம்மா சமாளித்துப் பாடுகிறார், படத்தில் சந்தேகமே வராது. தொழில்காரர்.

ஜூன் 10

"பணப் பேய்" என்று இன்னொருவரும் எழுதிவிட்டார். சரி, பணத்துக்கு வருவோம்.

படப்பிடிப்பின்போது பணம் கைக்கு வராமல் வேலை நடக்காது என்று சக் இருந்ததை ஹேக்ஃபோர்டே பிறகு சொல்லியிருக்கிறார். உண்மை. ஆனால் 1955-க்குப் போய்ப் பாருங்கள். 'மேபலீன்' அவருடைய முதல் ரெக்கார்டு, சிகாகோவின் செஸ் கம்பெனி வெளியிட்டது, பாப் பட்டியலில் 5-ஆம் இடம் வரை போனது. ரெக்கார்டு வெளிவந்தபோது எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள். சக் பெரி, ரஸ் ஃப்ராட்டோ, ஆலன் ஃப்ரீட். ஃப்ரீட் யார்? அந்தக் காலத்தின் பிரபல ரேடியோ அறிவிப்பாளர். பாட்டை அவர் எழுதவில்லை, ரேடியோவில் போட்டார். ஃப்ராட்டோ அச்சகக்காரர், செஸ் சகோதரர்களுக்கு வேண்டியவர். தன் முதல் பாட்டின் ராயல்டி மூன்றாகப் பங்கு போடப்பட்டதை சக் பிற்பாடுதான் தெரிந்துகொண்டார். அந்த இரண்டு பெயர்களும் நீங்கிப் பாட்டு முழுசாக அவர் கைக்குத் திரும்பியது 1986-இல். வருஷத்தைப் பார்த்தீர்களா? இந்தக் கச்சேரி நடந்த அதே வருஷம்.

முப்பத்தொரு வருஷம் தன் சொந்தப் பாட்டில் பங்காளிகளைச் சுமந்த மனுஷன் ரொக்கம் கேட்காமல் என்ன கேட்பார்? அவருடைய ரொக்கப் பழக்கம் வருமான வரி வழக்கில் கொண்டுபோய் விட்டு 1979-இல் சில மாதம் சிறையில் இருந்தார் என்பதும் உண்மைதான். பழக்கத்தை விடவில்லை.

ஜூன் 10, கொஞ்ச நேரம் கழித்து

அரங்கத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். செயின்ட் லூயிஸ் ஃபாக்ஸ் தியேட்டர், 1929-இல் கட்டியது, உள்ளே பார்த்தால் அரண்மனை. சக் சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு படம் பார்க்கப் போனார்களாம், கறுப்பர்கள் என்று டிக்கெட் தரவில்லை. படத்தில் அதைச் சிரித்த முகத்தோடுதான் சொல்கிறார். அதே மேடைக்கு 1986 அக்டோபர் 16 அன்று சக்கின் சிவப்பு காடிலாக் கார் ஏறியது. அந்தக் கார் இப்போது வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த இரவு இரண்டு காட்சிகள், பிறந்தநாள் 18-ஆம் தேதி.

ஜூன் 12

இரண்டு நாளாக சக் பக்கமே வக்கீல் வேலை பார்த்துவிட்டேன். இனி மறுபக்கம்.

இந்தப் படத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் சக்கையும் அல்ல, கீத்தையும் அல்ல, பியானோவில் உட்கார்ந்திருக்கும் பருமனான, அமைதியான மனிதரைப் பாருங்கள் என்பேன். ஜானி ஜான்சன். மற்ற எல்லாரும் கேமராவைப் பார்த்து ஏதாவது செய்கிறார்கள். இவர் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலது கை மேலே மணி மணியாக உருட்டுகிறது, உடம்பு அசையவே இல்லை.

கதை இப்படி. 1952, டிசம்பர் 31. கிழக்கு செயின்ட் லூயிஸில் காஸ்மோபாலிட்டன் கிளப். அங்கே வாசித்த 'சர் ஜான்ஸ் ட்ரியோ' என்கிற மூவர் குழு ஜான்சனுடையது. சாக்ஸஃபோன்காரருக்கு உடம்பு முடியவில்லை. புத்தாண்டு இரவு, ஆள் கிடைக்காது. ஒரு ராத்திரிக்கு மட்டும் வா என்று சக் பெரியைக் கூப்பிட்டார் ஜான்சன். கூப்பிட்டதும் வந்தவர் தங்கிவிட்டார், குழுவும் மெல்ல அவர் பெயருக்கு மாறிவிட்டது. பிறகு இருபது வருஷம் ஜான்சன் பக்கவாத்தியம். எழுபதுகளில் பிரிந்தார்கள். இந்தப் படத்துக்காக கீத் தேடிப் பிடித்தபோது அவர் செயின்ட் லூயிஸில் முதியவர்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கீத் படத்திலேயே ஒரு குண்டு போடுகிறார். சக்கின் பாட்டெல்லாம் எந்த சுருதியில் இருக்கிறது பாருங்கள் என்கிறார். 'ஜானி பி. குட்' பி ஃப்ளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. 'ரோல் ஓவர் பீத்தோவன்' ஈ ஃப்ளாட், இரண்டரை. கிடார்க்காரன் எவனும் சும்மா இருக்கும்போது இந்த சுருதிகளில் பாட்டுப் போடமாட்டான். கிடாருக்கு ஈ, ஏ, டி, ஜி சுகம், திறந்த கம்பிகள் கைகொடுக்கும். பி ஃப்ளாட்டில் திறந்த கம்பிகள் அவ்வளவாக உதவாது, கை வலிக்கும். அவை பியானோக்காரர் சுருதிகள். அப்படியென்றால் மெட்டு எங்கிருந்து வந்தது? வார்த்தையும் கிடாரும் சக், அடியில் ஓடும் இசை ஜான்சன் என்பது கீத்தின் கட்சி.

கீபோர்டுக்காரன் என்பதால் இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'மேபலீன்' ராயல்டியில் மூன்றில் இரண்டு பங்கு வேறு யாருக்கோ போனதற்காகக் காலமெல்லாம் கொதித்த சக் பெரியின் பாட்டுகளில், பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

ஜூன் 12, இரவு

'ஜானி பி. குட்' ரெக்கார்டிலும் ஜான்சன்தானே என்று கேட்டவருக்கு: இல்லை, அதில் பியானோ ஜான்சன் இல்லை. 1958 ஜனவரியில் பதிவானது, வாசித்தது லஃபயெட் லீக். பெயர் மட்டும் ஜான்சனை மனதில் வைத்து வந்தது என்று சக் சொல்லியிருக்கிறார். குட் என்பது சக் பிறந்த தெருவின் பெயர். 1977-இல் வாயேஜர் விண்கலத்தோடு விண்வெளிக்குப் போன தங்கத் தட்டில் இருப்பதும் இந்தப் பாட்டுதான். அங்கேயும் லீக்தான் வாசிக்கிறார். ஜான்சனுக்கு அதிலும் இடமில்லை!

ஜூன் 14

கீத்தின் சுருதி வாதத்தை இரண்டு நாள் அசைபோட்டேன். முழுசாக நிற்கவில்லை.

பி ஃப்ளாட்டும் ஈ ஃப்ளாட்டும் பியானோவுக்கு மட்டும் சொந்தமில்லை, சாக்ஸஃபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் அவைதான் வீட்டு சுருதி. சக் வளர்ந்ததே ஹார்ன் வைத்த பேண்டுகளைக் கேட்டுத்தான். சாக்ஸஃபோன் வாசித்துப் பாடிய லூயிஸ் ஜார்டன் அவருடைய தெய்வம். 'ஜானி பி. குட்'டின் அந்தப் பிரபலமான ஆரம்பம் இருக்கிறதே, அதை 1946-இல் ஜார்டன் பாடிய ஒரு பாட்டின் தொடக்கத்தில் கார்ல் ஹோகன் என்கிற கிடார்க்காரர் கிட்டத்தட்ட அப்படியே வாசித்திருக்கிறார். சக் இதை ஒளிக்கவில்லை, ஹோகனிடமிருந்து எடுத்தேன் என்று வாயாரச் சொன்னவர். ஆக, ஹார்ன்காரர்களின் சுருதியில் கிடார் வாசிக்கப் பழகியவர் தானாகவே ஆறரைக் கட்டையில் பாட்டுப் போட்டிருக்க முடியும். சுருதி மட்டும் சாட்சி ஆகாது.

ஆனால் மெல்லிசைக் குழு அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். ஒருவர் நோட்டில் வரிகளோடு வருவார், கூட இருப்பவன் இப்படிப் போகலாமா என்று கட்டையில் தொட்டுக் காட்டுவான், சாயங்காலத்துக்குள் பாட்டு ஆகிவிடும். யார் போட்டது என்று அன்றைக்கே கேட்டால்கூட இரண்டு பேரும் வேறு வேறு பதில்தான் சொல்வார்கள். நாற்பது வருஷம் கழித்துக் கேட்டால்?

கேட்டார்கள். 2000-இல் ஜான்சன் வழக்குப் போட்டார், ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் தனக்கும் பங்கு உண்டு என்று. 2002-இல் தள்ளுபடி. யார் எழுதியது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை, காலம் கடந்துவிட்டது என்று முடித்துவிட்டது. நடுவில் 2001-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ஜான்சனைச் சேர்த்தார்கள், பக்கவாத்தியக்காரர் பிரிவில். 2005-இல் போய்ச் சேர்ந்தார்.

வழக்குப் போடும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது? கேமரா முன்னால் கீத் பேசிய அந்த இரண்டு நிமிஷம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சக்கைக் கொண்டாட எடுத்த படம் சக் மேல் போட்ட வழக்குக்கு விதையானது. ஹேக்ஃபோர்ட் இதையெல்லாம் திட்டமிட்டிருக்க வாய்ப்பே இல்லை.

ஜூன் 15

இழை எங்கேயோ போகிறது என்று குறைப்படுபவருக்கு: ஆமாம், போகிறது. டொரன்டோ படத்தைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக.

'ஸ்வீட் டொரன்டோ', டி. ஏ. பென்னிபேக்கர் எடுத்தது. 1969 செப்டம்பர் 13, வார்சிட்டி ஸ்டேடியம். போ டிட்லி, ஜெர்ரி லீ லூயிஸ், லிட்டில் ரிச்சர்ட், சக் பெரி எல்லாரும் ஒரே நாள் மேடையில். டிக்கெட் விற்கவில்லை என்று அமைப்பாளர் லண்டனுக்கு போன் போட்டு பீட்டில்ஸ் ஜான் லெனனை அழைக்க, அவர் கிடார்க்காரர் எரிக் கிளாப்டனைப் பிடித்துக்கொண்டு விமானத்திலேயே ஒத்திகை பார்த்து வந்து இறங்கினார். பயத்தில் மேடைக்குப் போகுமுன் வாந்தி. அதே மேடையில் அவருடைய குருமார்கள் எல்லாரும் வாசித்திருக்கும் நாள், வராமல் என்ன செய்யும்? படத்தை லெனனின் மனைவி யோகோ ஓனோவுக்காகப் பார்ப்பவர்கள் உண்டு, யோகோ வந்ததும் நிறுத்துபவர்களும் உண்டு. எனக்கு போ டிட்லியின் தாளம் போதும்.

யோகோ என்றால் 1972-இல் மைக் டக்ளஸ் டிவி நிகழ்ச்சியில் லெனனும் சக்கும் சேர்ந்து பாடும்போது பின்னாலிருந்து அந்த அம்மா வீறிட, சக்கின் கண் விரியுமே, அதையும் பார்த்துவிடுங்கள். கீத்திடம் காட்டாத பொறுமையை அன்று காட்டினார்.

ஜூன் 16

பாடகி எட்டா ஜேம்ஸ் பாடும் 'ராக் அண்ட் ரோல் மியூசிக்' பற்றி யாருமே எழுதவில்லை, என்ன அநியாயம். கச்சேரியின் உச்சமே அதுதான். 1959-இல் 'ஆல்மோஸ்ட் க்ரோன்' பாட்டுக்குப் பின்குரல் கொடுத்தவர்களில் ஒருவர் எட்டா. அந்தக் குரல் இருபத்தேழு வருஷம் கழித்து முன்னால் வந்து நிற்கிறது. சக்கின் முகத்தைப் பாருங்கள், சிடுமூஞ்சி எங்கே போனது?

அப்புறம், கச்சேரியில் கேட்கும் சக்கின் குரல் முழுக்க அன்றைய குரல் அல்ல. தொண்டை கட்டிப்போயிருந்தது, பிறகு ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். உதட்டை உற்றுப் பார்த்தால் சில இடங்களில் பிடிபடும். டப்பிங் படம் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரு குறையா?

ஜூன் 17

சக், லிட்டில் ரிச்சர்ட், போ டிட்லி மூவரும் உட்கார்ந்து பேசும் பகுதி படத்தில் கொஞ்சம்தான் வருகிறது. நீளமாக வேண்டுமென்றால் 2006-இல் வந்த நான்கு டிஸ்க் பதிப்பில் இருக்கிறது. ரிச்சர்ட் பேச ஆரம்பித்தால் மற்ற இருவரும் வாய் திறக்க முடியாது. 'டுட்டி ஃப்ருட்டி'யை அவர் பாடியபோது பாப் பட்டியலில் 17-ஆம் இடம், வெள்ளைக்காரரான பேட் பூன் அதையே சப்பென்று பாடி 12-ஆம் இடம் போனார். சக்கின் கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான் இப்படிப் பக்கங்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ரிச்சர்ட் அதைச் சொல்லிச் சிரிப்பார், சக் சொல்லாமல் ரொக்கம் கேட்பார்.

சிறையைப் பற்றிக் கேட்டால் சக் நழுவுவதும், மனைவியின் பேட்டி அந்தப் பக்கம் திரும்பியதும் கேமராவுக்கு வெளியிலிருந்து நிறுத்தச் சொல்வதும் படத்திலேயே இருக்கின்றன. அந்த வெட்டை ஹேக்ஃபோர்ட் அப்படியே விட்டுவைத்தார். கேள்வி கேட்டவருக்கு இயக்குநர் மேல் சந்தேகம் வர இதுதான் காரணமாக இருக்கும். நானாக இருந்தாலும் விட்டுவைத்திருப்பேன்.

ஜூன் 19

ஜான்சன் தனியாக வாசித்தது எதில் ஆரம்பிக்கலாம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். 1988-இல் கீத் வெளியிட்ட 'டாக் இஸ் சீப்' ஆல்பத்தில் பின்னால் வாசிக்கிறார், ஆனால் அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். நேராக 1991-இன் 'ஜானி பி. பேட்' ஆல்பத்துக்குப் போங்கள். கீத்தும் கிளாப்டனும் இருக்கிறார்கள், அடக்கி வாசிக்கிறார்கள். 'டாங்கரே' என்ற பாட்டு இருக்கிறது. ஜின் பிராண்டின் பெயர்தான், பாட்டும் அதைக் குடிப்பதைப் பற்றித்தான். அதில் ஜான்சனே பாடுகிறார், எழுதியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது.